வியாழக்கிழமை பாத்தேக்

காதர் பாய் போய்விட்டார்...

இன்று காலை தங்கா பத்துவில் உள்ள வீட்டில், தூக்கத்திலேயே. மலாக்கா டவுனில் துணி வாங்கியவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் வீடில்லாதவர்களுக்கு நாங்கள் நடத்தும் காப்பகத்தின் காவல் தெய்வம், கூடவே பெரிய தலைவலி!

சில வருஷங்களுக்கு முன் அரசாங்க மானியத்துக்கு முதல் தடவை மனுப் போட்டிருந்தோம். அது கிடைக்காவிட்டால் வாடகை கட்ட வழியில்லை, எல்லாரும் மறுபடி பஸ் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். அதிகாரிகள் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

பாய்க்கு ஒரே பரபரப்பு. "வியாழக்கிழமைன்னா ஆபிஸ்காரங்க எல்லாம் பூப்போட்ட பாத்தேக் சட்டையில வருவாங்க தங்கச்சி. நம்ம ஆளுங்க கிழிஞ்ச டீஷர்ட்டோட நின்னா நல்லாவா இருக்கும்லா?"

அவர் துணிக்கடையிலிருந்து எல்லாருக்கும் புது பாத்தேக் சட்டை வந்தது. நானும் தடுக்கவில்லை.

வந்த அதிகாரி, நியாலாஸ் எஸ்டேட் வீட்டை இழந்து எங்களிடம் வந்த முனியாண்டி அண்ணனைத் தலைவர் என்று நினைத்து, "துவான்" என்று ஐயா போட்டுக் கைகுலுக்கினார். அண்ணன் கூச்சப்படாமல் உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அதிகாரி மலாயில் கேட்டார், இங்கே தங்கியிருப்பவர்கள் எங்கே என்று...

இவர்கள்தான் என்று எவ்வளவோ விளக்கினோம். எடுபடவில்லை. அந்த வருஷம் மானியம் வரவில்லை.

"என்னாலதான் போச்சா தங்கச்சி?" என்றார் பாய்.

"ஆமாம் பாய்" என்றேன். கோபத்தில் சொன்னேனா, சிரிப்பில் சொன்னேனா, இப்போது ஞாபகமில்லை.

மறுநாள் கடையைப் பாதி சாத்திவிட்டு, மாடியில் இருந்த துணி மூட்டைகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அன்று மாலையே நம் ஆட்கள் அந்த மாடியில் படுக்கை விரித்துப் படுத்தார்கள். அடுத்த வருஷம் மானியம் வரும்வரை அதுதான் எங்கள் காப்பகம். வாடகை என்று வாயைத் திறந்தால் கிளேபாங்கில் ஒரு தேங்காய் ஷேக் வாங்கிக் கொடு என்பார்.

அடுத்த தடவை அதிகாரிகள் வருவதற்கு முன்னால் போன் வந்தது. "இப்பவும் சட்டை எடுத்து வைக்கவா?"

"வேண்டவே வேண்டாம் பாய்!"

வைத்திருந்தார். நல்லவேளை, அன்று செவ்வாய்க்கிழமை, யாரும் போடவில்லை.

இன்று மதியம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். வியாழக்கிழமை இல்லைதான்... ஆனாலும் நம் ஆட்கள் எல்லாரும் அந்தச் சட்டையில்தான் வந்திருந்தார்கள். சாயம் வெளுத்திருந்தது, இஸ்திரி மட்டும் கலையவில்லை.

வெளியூரிலிருந்து வந்த பாயின் சொந்தக்காரர் ஒருவர், முனியாண்டி அண்ணனிடம் மரியாதையாகக் கேட்டார். "நீங்கள்லாம் எந்த ஆபிஸ்ங்க?"

அண்ணன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஆபிஸ் இல்லைங்க. நாங்க பாய் வீட்டு ஆளுங்க."

போய் வாங்க பாய்...