பிரதிநிதியின் சவப்பெட்டி மேல் வைத்த வெடி

ஒஹையோவின் அந்தச் சிற்றூரில், கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்த இரண்டு அறை வீடு குழி தோண்டுகிறவனுக்கு உரியது. யாபேஸ் கிம்மல் இலையுதிர் காலத் தொடக்கத்தில் இருமி இருமிச் செத்ததும், அவன் மனைவி ஒர்பா மண்வெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஊரும் அரை மனதோடு சரி என்றது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் யாபேஸின் புதுக்குழிக்குக் காவல் போகும். அவள் பயமெல்லாம் அதுதான்.

அது மருத்துவக் கல்லூரிகள் திறக்கும் பருவம். ஏழைகளின் புதுக்குழிகளைத் தோண்டிப் பிணம் திருடி விற்கிறவர்கள் அலைகிற பருவம். எல்லா ஏழைகளையும் போல அவளும் குழி மேல் கூழாங்கற்களை அடுக்கிவைத்து, யாராவது கலைத்திருக்கிறார்களா என்று காலைதோறும் பார்த்தாள். நேற்று இரண்டு கற்கள் புரண்டு கிடந்தன. வேலியோரம் வண்டித் தடம் தெரிந்தது. அதிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

இதற்கு வழி திறந்துவிட்டவரும் அதே தோட்டத்தில்தான் கிடந்தார். லெவாண்டர் ப்ரூயிட் வாஷிங்டன் வரை போய் வந்த மக்கள் பிரதிநிதி. பீப்பாய் மேல் ஏறி நின்று அவர் பேசினால் குடிகாரன்கூடக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான். மாநிலச் சபையில் இருந்த காலத்தில், நாதியற்ற ஏழைகளின் பிணங்களைக் கல்லூரிகளுக்கு அறுக்கக் கொடுக்கும் சட்டத்துக்குக் கை தூக்கியவர். சாகக் கிடந்தபோது மட்டும் தன் உடம்பை நினைத்து நடுங்கினார். ஊரான் உடம்பென்றால் படிப்புக்கு ஆகும், தன் உடம்பென்றால் ஆகாதாம்! சவப்பெட்டி மேல் டார்பிடோ வைக்கச் சொன்னார். வெடிமருந்தும் ஈயக்குண்டும் திணித்த இரும்புக் குழாய் அது. யாராவது தோண்டித் தொட்டால் வெடிக்கும்.

சில வருஷங்களுக்கு முன் அதைத் தனியாளாக வைத்துவிட்டு வந்தவன் யாபேஸ். அன்றைக்கே மனைவியிடம் சொன்னான்:

"அந்தப் பக்கமே போகாத, ஒர்பா. மண்வெட்டி பட்டுச்சுன்னா உன்னைப் பொறுக்கக்கூடக் கிடைக்காது."

"எந்த இடத்துல வச்சேன்னாவது சொல்லித் தொலையேன்."

"மாட்டேன். உன் மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராது. ஊர்ல பாதிப் பேரு உன் மூஞ்சியப் பாத்துத்தான் சேதி தெரிஞ்சுக்கிறான்."

அதிலிருந்து அவள் அந்தக் கல்லறையைச் சுற்றியே நடந்தாள். புல் வெட்ட அரிவாள் கொண்டுபோகாமல் ஆட்டை ஓட்டிவிட்டாள், போனால் ஆடு போகட்டும் என்று. அவள் ஒதுங்கிப் போவதைப் பார்த்து ஊரும் ஒதுங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் அணில் குழம்பு மணத்தது. துப்பாக்கிக்கு இத்தனை மருந்து ஏது என்று அவளும் கேட்கவில்லை.

இப்போது ப்ரூயிட்டுக்குக் கிரானைட் நினைவுத்தூண் வந்து இறங்கியிருந்தது. தலைமாட்டில் ஆழமாக அஸ்திவாரம் வேண்டும். அவருடைய தம்பி மகன் கார்வின், கடைக்காரர், விடிந்ததும் ஆட்களோடு வந்து நின்றார்.

"அந்த வெடி இத்தனை வருஷத்துல நமுத்துப் போயிருக்கும்மா. தோண்டு."

"நமுத்திருந்தா நீங்க ஒரு வெட்டு வெட்டிக் காட்டுங்க ஐயா."

"முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆளு இருக்கான். வீட்டக் காலி பண்ணு."

புரண்டு கிடந்த கற்கள் அவள் கண்ணுக்குள் வந்தன. மண்வெட்டியை எடுத்தாள். கார்வினும் ஆட்களும் வேலிக்கு அப்பால் போய் மேப்பிள் மரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டியை வீசிவிட்டு, ஏப்ரனில் செருகி வந்த சமையல் கரண்டியால் சுரண்டினாள். மண்ணுக்குள் ஒரு வேர் தட்டுப்பட்டதற்கே உயிர் போய் வந்தது. "கர்த்தாவே, வலிக்காம போகட்டும்" என்று முணுமுணுத்தாள். கரண்டி இரும்பில் உரசியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள். குழாயின் மூடி கழன்று கிடந்தது. உள்ளே மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. யாபேஸ் சோளத்தட்டையைத் திணித்து வைத்திருந்தான். மருந்தும் குண்டும் அந்தக் குளிர்காலத்து அணில்களுக்குப் போயிருந்தன. தனக்குப் பின் அந்த மண்ணில் மண்வெட்டி வைக்கப்போவது ஒர்பாதான் என்று இருமலோடு இருந்த அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

மூடியைத் திருகி, குழாயை ஏப்ரனில் ஏந்திக்கொண்டு மேலே ஏறினாள்.

"என்ன அது? வெடி இன்னும் உசிரோட இருக்கா?" என்று கத்தினார் கார்வின்.

"கிட்ட வராதீங்க! தட்டினாலே போதும்!"

பொய் வராத முகம்தான். ஆனால் பயம் இன்னும் அதில் அப்படியே இருந்தது. குரல் தானாக நடுங்கியது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். கார்வின் விழுந்த தொப்பியை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

அவள் நேராக யாபேஸின் குழிக்குப் போய் மேல்மண்ணை விலக்கினாள்.

"ஏய், அதப் போய் அங்க ஏன் வைக்கிற?" என்று தூரத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

அவள் குழாயைப் புதைத்து, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, பாவி மனுஷா" என்று மண்ணை அறைந்து அழுதாள்.

இருட்டுவதற்குள் சுற்று வட்டாரம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மறுநாள் காலை போய்ப் பார்த்தாள். கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. வேலியோரம் புதிதாக ஒரு வண்டித் தடம் வந்து, பாதியிலேயே திரும்பிப் போயிருந்தது.