தசமித் தேதி

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, மாடியில ஆறு பேர் ஆபீஸ். மல்லாட்டை, அதான் நெலக்கடலை, வாங்குற மண்டிங்களுக்கு எடை போடுற சாஃப்ட்வேர் எங்களுது. புரோகிராம்ல எதை மாத்தினாலும் திரைக்கு அடியில மாத்தின தேதி தெரியணும். அதை எங்க சீனியர் அக்காதான் கையால எழுதுவாங்க. அஷ்டமி, நவமியில யாரும் எதையும் சேர்க்கக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு. முடிச்ச வேலைகூட தசமி வரைக்கும் காத்துக்கினு கெடக்கும்.

நான் திண்டிவனத்துலேர்ந்து தெனம் பஸ்ல தொங்கிக்கினு வர்றவன். பொறுமைன்னா இன்னா வெலைன்னு கேப்பேன். "இன்னாக்கா, இன்னும் கையால எழுதிக்கினு?"ன்னு கிண்டல் பண்ணி ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். யாரு எப்ப எதை மாத்தினாங்கன்னு பதிஞ்சு வெக்கிற ரெபாசிட்டரியில வேலையைச் சேர்த்தா, திரையில தேதி தானா விழும். "அப்பாடா, ஒரு பேஜாரு விட்டுது தம்பி"ன்னாங்க அக்கா. கூடவே ஒரு திருட்டுத்தனமும் பண்ணேன். அஷ்டமி, நவமியில சேர்த்தாலும் தசமித் தேதியே விழற மாதிரி வெச்சேன். அதை யார்கிட்டயும் சொல்லல.

ஒரு நவமி சாயங்காலம். மறுநாள் எனக்கு லீவு. எடை போடுற எடத்துல ஒரு வரியை மாத்தினேன். பஸ்சுக்கு நேரமாச்சு, ஓட்டிப் பார்க்காம ஜல்தியா சேர்த்துட்டு ஓடினேன். காலையில அது மண்டிங்களுக்குப் போயிடுச்சு. கண்டாச்சிபுரம் பக்கத்துல மூட்டைக்கு மூட்டை எடை கொறைஞ்சு காட்ட, விவசாயிங்க மண்டிக்காரர் சட்டையைப் பிடிச்சுட்டாங்க.

முதலாளி திரைக்கு அடியில பார்த்தாரு. தசமித் தேதி. அன்னைக்கு நான் லீவு, புரோகிராம்ல கை வெக்கிற இன்னொரு ஆளு அக்காதான். நான் திரும்பி வந்தன்னைக்கு, எல்லார் எதிர்லயும் அக்காவைப் பார்த்துக் கத்தி, நாளையிலேர்ந்து வராதீங்கன்னுட்டாரு.

ரெபாசிட்டரி பதிவைத் தெறந்தா போதும், நெஜத் தேதி என் பேரோட அங்கேயே இருந்துது. அக்காவுக்குத் தெறக்கத் தோணல. அத்தினி வருஷம் தன் கையால எழுதின தேதி பொய் சொல்லும்னு அவங்க நெனைக்கவே இல்ல. நான் வாயைத் தெறக்கல. வேலை போயிடும்னு பயம், வேற ஒண்ணுமில்ல. சீ, நானெல்லாம் ஒரு மனுசன்.

டிபன் டப்பாவைப் பையில போட்டுக்கினு அக்கா என் மேசைக்கு வந்தாங்க.

"தம்பி, அன்னைக்கு அதைத் தொட்டதா எனக்கு ஞாபகமே இல்லப்பா. தொட்டுட்டு மறந்துட்டேனா?"

"இருக்கும்க்கா"ன்னேன்.

நம்பிட்டாங்க. மறதிக்கு டாக்டர்கிட்ட காட்டணும்னு தனக்குத்தானே சொல்லிக்கினு படி எறங்கினாங்க.