ஞாயிற்றுக்கிழமை முறை

போன வருஷம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். அந்த ஊரில் மீனவக் குடும்பங்களே கூடிப் பேசி, வருகிறவர்களுக்கு ஒரு வீட்டில் சாப்பாடு, இன்னொரு வீட்டில் தங்க இடம், முறை வைத்துப் படகுச் சவாரி என்று நடத்துகிறார்கள். படகு என்றால் மீன் பிடிக்கிற படகு அல்ல. கையாலேயே மரத்தில் செய்த ஒல்லியான கயாக். மேலே பலகை போட்டு மூடி, நடுவில் ஒரு குழி மட்டும் விட்டிருப்பார்கள். அந்தக் குழியில் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். என் முறை வந்தபோது, படகைப் பிடித்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் என்னை உட்கார விடவில்லை. "டீச்சர், மொதல்ல இந்தக் கயித்த இழுங்க" என்றாள். இழுத்தேன். குழியைச் சுற்றியிருந்த பலகை முழுதாகக் கழன்று கையோடு வந்தது. "கவுந்துட்டா பயப்படாதீங்க. இத இழுத்தாப் போதும், எம்புட்டுப் பெரிய ஒடம்பும் வெளிய வந்துரும்." யார் செய்த ஏற்பாடு என்று கேட்டேன். "தச்சர் ஒருத்தரு. தருமபுரிப் பக்கம். காவேரிக்காரர்னு கூப்புடுவோம். மூணு தடவ கயித்த இழுத்துக் காட்டாம ஒருத்தரையும் உக்கார விடமாட்டாரு. அவரு தவறி ஏழெட்டு வருசம் ஆச்சு."

நான் படகில் ஏறவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு மணலில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கயிறு எதற்காக வந்தது என்று அந்தக் கரையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தக் காவேரிக்காரர் என் அக்காவின் கணவர். அவர் ஊரை விட்டுப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. நாற்பது வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில், ஒகேனக்கல்லில் எங்கள் அப்பா பரிசல்காரர். சும்மா பரிசல்காரர் இல்லை, துறைக்கு மூத்தவர். துறையில் எல்லாமே முறைதான். யாருடைய பரிசல் எந்த நாள், எத்தனையாவதாக ஆள் ஏற்ற வேண்டும் என்பது தாத்தா காலத்திலேயே பேசி வைத்தது. அப்பனுக்குப் பிறகு மகனுக்கு வரும். மருமகனுக்கு வராது. அப்பாவுக்கு மகன் இல்லை. நாங்கள் இரண்டு பெண்கள். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை முதல் முறை இருந்தது. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன் வேனாக ஜனம் வந்து இறங்குகிற நாள் அது. ஆனைக்குத் தந்தம் மாதிரி அப்பாவுக்கு அந்த முறை. காய்ச்சல் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை படுக்க மாட்டார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், இண்டூர்க்காரர். சொந்தத்தில்தான் அக்காவைக் கட்டினார். தச்சு வேலை தெரிந்தவர், ஆனால் ஓர் இடத்தில் ஆறு மாதம் தங்கியதில்லை. மங்களூர், கொச்சி, தூத்துக்குடி என்று படகு கட்டும் இடமெல்லாம் சுற்றுவார். திடீரென்று ஒருநாள் பையோடு வந்து நிற்பார். வந்த நாலாம் நாளே வாசலுக்கும் தெருவுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார். நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்க மாட்டாள். குழந்தையும் இல்லை, துறைக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து, வருகிறவர்கள் வாங்கிக் கொடுக்கும் மீனை வறுத்துக் கொடுத்துக்கொண்டு தனியாகவே காலம் தள்ளினாள். ஒவ்வொரு தடவை அவர் போகும்போதும் பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, அடுப்பை ஊதுவாள். புகையில் கண் எரிகிறது என்பாள். நாங்களும் புகைதான் என்று நம்புவது போல இருந்துகொள்வோம்.

கடைசியாக வந்தபோது மாமா ஒரு யோசனையோடு வந்தார். தெற்கே ஏதோ கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரரின் கயாக்கைப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறார். அதைப் போலவே மரத்தில் செய்து காவேரியில் விடலாம். துறைக்காரர்களே செய்து துறைக்காரர்களே ஓட்டலாம். பரிசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஜனத்தை, தானே துடுப்புப் போட வைக்கலாம். இதைச் சொல்லும்போது அவர் நின்றபடியே இரண்டு கையாலும் காற்றில் துடுப்புப் போட்டார். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "செஞ்சி எறக்குங்க, பாப்போம். ஆனா முறை கேக்காதீங்க" என்றார். அன்று மாலை அக்கா அப்பாவிடம் தனியாகப் போய் நின்றாள். "அப்பா, இந்தப் படகு ஓடி, அதுக்கு ஒரு முறையும் கெடச்சிதுன்னா அவரு இங்கியே இருந்துடுவாருப்பா. இல்லன்னா மறுபடியும் போயிடுவாரு. இன்னொரு தடவ பஸ்ஸ்டாண்டுக்கு நடக்க எங்காலு வராது." அப்பா வெற்றிலையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மாதம் அந்தப் படகு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வளர்ந்தது. பென்னாகரம் மரமில்லில் மாம்பலகை வாங்கி இழைத்து, வெந்நீர் ஊற்றி வளைத்து, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வைத்து அடைத்தார். நான் அப்போது டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். பொழுது போகாமல் வம்புக்கு இழுப்பேன். "மாமா, இது படகா, பாடையா?" அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஏறிப் பாத்துட்டு சொல்லும்மா" என்பார். ஆனால் ஏற முடியாது. எங்கள் துறையில் புதுப் பரிசல் எதுவானாலும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, துறைக்கு மூத்தவர்தான் முதலில் உட்கார வேண்டும். செய்தவன்கூட அதற்கு முன்னால் உட்காரக் கூடாது. தண்ணீரில் ஒருதரம் இறக்கிப் பார்த்துவிடலாமே என்று அக்காகூடச் சொன்னாள். அப்பா மனம் கோணிவிட்டால் முறை போய்விடும் என்று மாமா மறுத்துவிட்டார். அடங்காதவர் என்று பெயர் வாங்கிய மனிதர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடங்கி நடந்தார்.

அங்கேதான் கோட்டை விட்டார். குழியை எந்த அளவுக்கு வெட்டுவது என்று பார்க்க, ஒரு நூலைத் தன் இடுப்பிலேயே சுற்றி அளந்துகொண்டார். அவரோ ஒட்டடைக்குச்சி. அப்பா கருங்கல் மாதிரி ஆள். முதலில் உட்காரப்போவது மூத்தவர்தான் என்று தெரிந்தும், மூத்தவரின் இடுப்பை அளக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பரிசலுக்கு யார் இடுப்பை அளந்தது?

பங்குனி மாதம், தண்ணீர் குறைந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. துறையே திரண்டு வந்திருந்தது. அக்கரையிலிருந்து கன்னடக்காரர்களும் பரிசல் போட்டு வந்திருந்தார்கள். சூடம் காட்டி முடித்ததும் அப்பா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டார். தொடை வரை போனார், அதற்கு மேல் போகவில்லை. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு இது பத்தாது என்று எங்கள் அப்பா சொல்வாரா? மாமா முகம் வெளுத்துப்போய் அப்பாவிடம், "மாமா, வேணாம், எறங்கிடுங்க, பெருசு பண்ணிக் கொண்டாறேன்" என்றார். அப்பா காதிலேயே வாங்கவில்லை. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஒருவர் முன்னால் வந்து, "நம்மகிட்ட இல்லாத எண்ணெயாங்க?" என்று அப்பாவின் இடுப்பில் ஒரு கிண்ணம் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். அப்பா வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். நானும்தான் கைதட்டினேன்.

பரிசல்காரர் குனிந்து, முன்பக்கத் தண்ணீரைத் தன் பக்கம் வலித்துத்தான் ஓட்டுவார். ஐம்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? மடுவின் நடுவுக்குப் போனதும் அப்பா எப்போதும் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து வலித்தார். படகு அப்படியே புரண்டது. நீளமான அடிப்பலகை மட்டும் மேலே தெரிந்தது. அப்பா இல்லை. நீச்சல் தெரிந்தவர்தானே, வந்துவிடுவார் என்று ஒரு கணம் எல்லோரும் நின்றோம். பிறகுதான் இடுப்பு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. முதலில் குதித்தது மாமா. நாலைந்து பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள், மறுபடியும் புரண்டது. இழுத்துக்கொண்டு வந்து பாறையில் சாய்த்தபோது அப்பாவுக்கு மூச்சு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தோளைப் பிடித்து இழுத்தால் இடுப்புத் தோல்தான் உரிந்தது. மாமா அக்காவின் அடுப்படிக்கு ஓடி, விறகு பிளக்கிற கோடாலியை எடுத்து வந்தார். ஒரு நொடி தயங்கவில்லை. பதினோரு மாத வேலையை மூன்றே வெட்டில் பிளந்து அப்பாவை வெளியே எடுத்தார். அப்பா தண்ணீரைக் கக்கி, இருமி, கண் திறந்தார். மாமா கோடாலியைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம், இடுப்பைச் சுற்றித் துணி கட்டிப் படுத்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார். குரலே எழும்பவில்லை. "உங்க மாமாகிட்டப் போயி சொல்லு. நாளைக்கி ஞாயித்துக்கெழம எம் முறைய அவரு எடுத்துக்கட்டும். படகு மறுபடியும் செய்யிற வரைக்கும் எம் பரிசல ஓட்டட்டும். துறையில நான் பேசிக்கிறேன்." என்னால் நம்ப முடியவில்லை. "உங்க முறையாப்பா?" என்று கேட்டேன். "படகா நானான்னு அவரு ஒரு நிமிசம் யோசிக்கலம்மா" என்றார்.

போனேன். பத்து வீடு தள்ளித்தான் அக்கா வீடு. அக்கா துறையில் இருந்தாள். மாமா பின்பக்கம் உடைந்த பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "மாமாவுக்கு எப்பிடிம்மா இருக்குது?" என்று கேட்டார். அப்பாவின் இடுப்புப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வந்த கை எனக்கு. அந்த நேரம் அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. சிரித்துக் கைதட்டிய என் மேல் வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து அவர் மேல் வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. "உயிரோட இருக்காரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு ராத்திரி தவிக்கட்டும், விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

விடிந்து நான் போனபோது அவர் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தார். அக்கா முற்றத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் வழியனுப்பப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அவர் போய்விட்டதைச் சொன்னதும் அப்பா, "சொன்னியாம்மா?" என்றார். "சொன்னேன்" என்றேன். அப்பா கூரையைப் பார்த்தபடி, "அப்பறம் அவன் இஷ்டம்" என்றார். அதுவரை மருமகனை அவன் இவன் என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. கொடுத்த முறையை உதறிவிட்டுப் போனவன் என்று நினைத்தே சாகும்வரை இருந்தார். அந்த அவமானத்தில், கொடுத்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை, அக்காவிடம்கூட. எனக்கு வேலை கிடைத்தது. மாரண்டஹள்ளியில் பதினெட்டு வருஷம் பாடம் நடத்தினேன். பொய் சொல்லாதே என்று எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்!

கடற்கரையிலிருந்து திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவர் இறந்த செய்தியைச் சொன்னேன். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை. "அங்கியாச்சும் ஒரே எடத்துல இருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். அப்பா சொல்லி அனுப்பியதை, நான் விழுங்கியதை, பொய் சொன்னதை. திட்டுவாள், அடிப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாவோட ஞாயித்துக்கெழம முறையவா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அன்னிக்கி அவரு கெளம்பறப்ப நான் முழிச்சிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். பைய எடுத்தாரு, கதவுகிட்ட நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. இருக்கச் சொல்லி நான் என்னாத்தக் காட்டுறது, படகும் ஒடஞ்சிடுச்சி, முறையும் இல்லன்னு கண்ண மூடிக்கிட்டேன். நீ இத மட்டும் சொல்லியிருந்தீன்னா, எழுந்து போயி கையப் புடிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று எனக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.