பத்தாம் நம்பர் கேட்ட நாள்

அன்று அந்த முன் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: சீட்டுப் பிடிக்கிற அன்ரி (வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் இரண்டாம் மாடியில், அவருடைய வீடுதான் அது), மேல் மாடியில் இருக்கும் பென்சன் எடுத்த கணக்கு டீச்சர், பக்கத்துக் கட்டடத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் அக்காவும் தங்கையும், மூன்று வீடுகளில் சமைக்கும் ஹட்டன் பக்கத்துப் பெண், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த என் தங்கை, நான். சீட்டுக்காரர் ஏழு பேர். மற்ற மூவரும் விழுகிற நம்பர் போதும் என்று ஃபோனில் சொல்லிவிட்டார்கள். அன்ரியின் கணவரும் இருந்தார். அவர் சீட்டில் இல்லை, பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

இதைப் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் இரண்டு வருடமாக மறைத்த விஷயம் அந்த அறையில்தான் வெளியே வந்தது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரிந்தால்தானே எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் பார்க்கலாம். எதையும் அப்படிக் கணக்குப் பார்க்கிற ஆள் நான்.

சீட்டு பத்துப் பேருக்கு. மாதம் ஆளுக்குப் பத்தாயிரம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் அந்த ஒரு லட்சத்தை எடுப்பார். முதல் மாதம் பிடிக்கிறவருக்கு. மிச்ச ஒன்பது நம்பரையும் துண்டுக் கடதாசியில் எழுதிக் குலுக்கி எடுப்பது. எல்லாருக்கும் முன் நம்பர்தான் வேண்டும். முன்னுக்கு எடுத்தவர் பிறகு மாதம் மாதம் கடன் கட்டுகிற மாதிரி. கடைசியில் எடுப்பவர் ஒருவருக்கும் கடனில்லை.

குலுக்க முன்னம் நான் சொன்னேன், எனக்குப் பத்தாம் நம்பரைத் தாருங்கோ என்று.

எனக்கு இருப்பது இரத்தப் புற்றுநோய். அதில் மெதுவாக நடக்கிற வகை என்றார் டாக்டர். தினமும் ஒரு குளிசை போட வேண்டும், ஒழுங்காகப் போட்டால் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு பல வருடம் இருக்கலாம் என்றார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் ஒரு நீள வசனத்தில் பயப்பட வேண்டிய சொல் எது என்று பிடிப்பதில் கெட்டிக்காரி. ‘போட்டால்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அழுதேனா என்றால், இல்லை. குளிசைக்குக் காலையில் கண் இமை ஊதும். சாறிச் சட்டை தைக்கக் கொடுக்க வருபவர்கள் அழுதிருக்கிறேன் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள், கூலியைக் குறைத்துக் கேட்கமாட்டார்கள். நானும் திருத்தவில்லை.

நான் செய்தது இதுதான்: ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிற எதையும் வாங்குவதை விட்டுவிட்டேன். பால்மா சின்னப் பைக்கற். சவர்க்காரம் ஒன்று. புறக்கோட்டையில் லைனிங் துணியை ரோலாக எடுத்தால் மலிவு. பிறகு யார் பாவிப்பது என்று மீற்றர் மீற்றராக வாங்கினேன். காஸ் சிலிண்டர் மாற்றுகிற நாளில் மட்டும் ஒரு மாதிரி இருக்கும். தனி ஆளுக்கு அது மூன்று மாதம் வரும்.

நோயைத் தங்கைக்கு மட்டும் சொல்லியிருந்தேன். கிளினிக் கொப்பியைப் புடவைக்கடைப் பையில் கொண்டுபோவேன், லேனில் காண்பவர்கள் சட்டைத் துணி என்று நினைக்கட்டும் என்று. தங்கைக்கும் சொல்லாதது ஒன்று இருந்தது. அந்த மாதம் கிளினிக்கில் பாதிக் குளிசைதான் கிடைத்தது, மீதியை வெளியில் வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன். மூன்று கிழமையாக ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

கையில் மொத்தமாக ஏதும் இருக்கட்டும் என்று தங்கைதான் என்னைச் சீட்டில் சேர்த்தாள். முன்னுக்கு எடுத்தால் குளிசை வாங்கலாம். ஆனால் நடுவில் போய்விட்டால் ஒன்பது பேருடைய காசோடு போனவளாவேன். அதனால்தான் பத்தைக் கேட்டேன்.

அன்ரி கடதாசி மடிப்பதை நிறுத்தினார்.

“பத்தோ? பதினெட்டு வருசமாச் சீட்டுப் பிடிக்கிறன். பத்தை ஆரும் வாயால கேட்டதில்லை. நாங்களாத்தான் ஆரின்ர தலையிலயாவது கட்டுறது.”

“எனக்கு அவசரமில்லை அன்ரி.”

“அவசரமில்லாட்டி வங்கியில போடன். இஞ்ச ஏன் வந்தனீ?”

அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. முன் நம்பருக்குச் சண்டை பிடிக்கிற இடத்தில் கடைசி நம்பரைக் கேட்பது கையைத் தூக்கிக் காட்டுவது மாதிரி. நான் வாயைத் திறக்க முன்னம் என் தங்கை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இடையில செத்துப்போனா உங்களுக்குக் கடன் நிக்கக்கூடாதாம். அதுக்குத்தான் கேக்கிறா. வருசப் பிறப்புக்கு ஒரு கலண்டர் வாங்கிக் குடுத்தனான், அதைக்கூட இன்னும் கொழுவேல்ல.”

இரண்டு வருடம் பையில் காவியது ஒரு தேத்தண்ணி குடித்து முடிய முன்னம் போய்விட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வருத்தம், என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது.

“உங்களுக்குத் தெரியுமோ?” என்றேன்.

இடியப்பக்கார அக்கா சொன்னார், “நாங்கள் அம்மாவைச் சீனி வருத்தத்துக்கு நீ போற ஆசுப்பத்திரிக்குத்தானே கொண்டுபோறனாங்கள். நீ அந்த வருத்தக்காரற்ற வாங்கில இருந்தனி. எங்களைக் கண்டோன்ன பையைத் தூக்கி முகத்தை மறைச்சாய். சரி, மறைக்கிறாள் எண்டு நாங்கள் மற்றப் படியால ஏறினனாங்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அண்டைக்கு முழுக்க எங்களை ஏசினா.”

அவர் யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்களின் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது.

“அதை விடுங்கோ, கணக்குக்கு வருவம்,” என்றார் டீச்சர். “இடையில ஒராள் போனா மிச்சத்தை ஆர் கட்டுறது? அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல.”

தங்கை முகத்தைச் சுளித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. என் சாவை ஒரு கணக்காக நான் மட்டும்தான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுத என்ன இருக்கு?” என்றார் அன்ரி. “இவ்வளவு காலத்தில ரெண்டு பேர் இடையில செத்தவை. ஒராள் பஸ் அடிச்சு, ஒராள் நித்திரையில. ரெண்டு பேற்ற பிள்ளையளும் சதம் விடாமல் கட்டினவை. ஏமாத்தினது ஒராள்தான். அவ நல்ல சுகதேகி. கனடாவுக்குப் போனா.”

“இப்பவும் பொங்கலுக்கு மெசேஜ் போடுறா,” என்றார் அங்கிள், பேப்பருக்குப் பின்னால் இருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

“பத்து தரமாட்டன்,” என்றார் அன்ரி என்னிடம். “அது நான் நம்பாத ஆக்களுக்குக் குலுக்காமல் குடுக்கிறது. எல்லாரையும் போல நீயும் எடு.”

கிண்ணத்தில் கைவிட்டு எடுத்தேன். இரண்டு. அடுத்த மாதமே. ஹட்டன் பெண்ணுக்கு ஒன்பது விழுந்திருந்தது. என் துண்டை அவளிடம் நீட்டினேன்.

“வேணாங்க்கா,” என்றாள். “இப்பக் கெடைச்சா வீட்டுக்காரரு ஆட்டோ வாங்குறேன்னு கரைச்சிருவாரு. நீங்களே வச்சிக்கங்க.”

படியிறங்கும்போது, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை போடுவதைத் தங்கைக்குச் சொன்னேன். “இனி ஒவ்வொரு நாளும் போட்டிட்டு எனக்கு ஒரு மிஸ்ட் கோல் குடு,” என்றாள். “குடுக்காட்டி ரெண்டு பஸ் ஏறி வந்து ஏசுவன். பஸ் காசையும் உன்னட்டத்தான் எடுப்பன்.” இரண்டு கிழமைக்கான குளிசையை அடுத்த நாள் தன் காசில் வாங்கித் தந்தாள். சீட்டுக் காசு வந்ததும் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த லட்சத்தில் இரண்டு மாதத்துக்கு வேண்டிய குளிசையைச் சேர்த்து வாங்கினேன். “ஒக்கொமத, அக்கே?” என்று மருந்துக்கடைக்காரன் சிங்களத்தில் கேட்டான். எல்லாமும்தான் என்றேன். மிச்சத்தில் ஒரு பகுதிக்குப் புறக்கோட்டையில் லைனிங் ஒரு ரோல். ரோலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது, இதைத் தைத்து முடிக்க எவ்வளவு காலம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். எட்டு மாதம் வந்தது.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, குளிசை தவறினதா என்று கேட்டார். ஓம் என்றேன். இரத்தத்தில் நோய் அணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்த தடவை இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும் என்றார்.

இப்போதும் காலையில் எழுந்தால் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன், நகத்தின் நிறத்தைப் பார்ப்பேன். ஆனால் சீட்டுக் கட்டுகிற திகதி நெருங்கினால் அது மறந்துபோகும். எந்தச் சட்டைக்குக் கூலி வரவேண்டும், யார் இழுத்தடிக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அந்தக் கவலை நோய்க்கு முன்னமே என்னோடு இருந்தது, அதை எனக்குக் கையாளத் தெரியும். கலண்டரைக் கொழுவியிருக்கிறேன். கட்டுகிற திகதிகளுக்கு வட்டம் போட ஓர் இடம் வேண்டியிருந்தது.

நேற்று ஆறாவது மாதக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரி இரண்டு தரம் எண்ணிவிட்டுக் கொப்பியில் புள்ளடி போட்டார்.

“குளிசை போட்டனியோ?”

“ஓம்.”

“போடு. எனக்கு நீ இன்னும் நாலு மாசத்துக்கு வேணும்.”

நான் இன்னும் கட்டவேண்டியது நாற்பதாயிரம் ரூபாய்.