எலிக்குப் போட்ட கையெழுத்து

மாடி வீடுகளில் எல்லோருக்கும் அவள் பொத்தானக்கா. காலையில் ஒப்பந்தக்காரர் ஐம்பது சட்டைகளைக் கட்டாகக் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போவார். சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஏழு பொத்தான், கைப்பட்டிகளில் இரண்டு. மூன்று வருஷமாக இதுதான் வேலை. அந்தப் பெயரால் யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டேதான் திரும்புவாள். அப்படித் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஓர் ஊசி இறங்குவது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவை பொத்தான் தைக்கிற கைகளா என்ன! அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கல்யாண உடுப்புக் கடை இருக்கிறது. கடை அவளுடைய நாத்தனாருக்குச் சொந்தம். அங்கே பன்னிரண்டு வருஷம் வெட்டும் மேசைக்கு முன்னால் நின்றவள் இவள். இவள் மணி கோத்துத் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்ட பெண்கள் கண்ணாடியைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். அவ்வளவு வேலைப்பாடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். தந்த நிறச் சாட்டினில் நாற்பத்தொரு சின்ன இலைகளை மணியால் தைத்து முடித்து, உடுப்பைப் பொம்மைக்கு மாட்டிவிட்டு முந்தின நாள் வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் மணப்பெண்ணின் அம்மா வந்து உறையை விலக்கினால், இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஆறு இலைகளைக் காணோம்.

"எலி கடிச்சிருக்கு அண்ணி," என்றாள் இவள், பதறிப்போய்.

நாத்தனார் இவளைப் பார்க்கவில்லை. வந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "என் கடையில எலியா? எலிக்குத் துணிய தின்னுதான் வயிறு நிறையணுமா? கத்தரிக்கோல் யார் கையில இருந்துச்சோ அவங்களைக் கேளுங்க. தம்பி பொண்டாட்டியாச்சேன்னு வேலை குடுத்தேன். என் மேல இருக்கிற வயித்தெரிச்சலை உங்க பொண்ணு உடுப்புல காட்டிட்டா."

இஸ்திரிக்காரர், தையல் பெண்கள், மணப்பெண்ணின் அம்மா என்று அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். இவளுடைய புருஷனும் வந்து நின்றான். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற உத்தியோகம் அவனுக்கு. எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, எந்த நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்று தெரியவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவ்வளவுதான்.

வேண்டுமென்றே மணப்பெண்ணின் துணியை வெட்டியவள் என்று பெயர் வாங்கிய பிறகு எந்தக் கடை வேலை கொடுக்கும்? அன்று அவள் தன் கத்தரிக்கோலை ஒரு பழைய பாவாடையில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். 'என் பேரை அழிச்சவ பேரு, அதே கடையில, அதே மாதிரி நாலு பேர் முன்னால அழியணும். அதைப் பார்த்த பிறகுதான் உன்னைக் கையில எடுப்பேன்.' கத்தரிக்கோலிடம்தான் சொன்னாள். கேட்க வேறு யார் இருந்தார்கள்?

இப்படி இருக்கையில்தான் மகள் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளோடு வந்தாள். ஒன்பது வயசு, முன்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்தது.

"அம்மா, சயின்ஸ் ரூமை மூடுறாங்க. அங்க இருக்கிற வெள்ளை எலியை யாராவது வளர்க்கக் கேட்டா குடுப்பாங்களாம். நான் கேட்டுட்டேன். நீ கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

பொத்தானக்காவின் கையிலிருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது.

"எலியா? இந்த வீட்டுலயா? வேற ஏதாவது கேளு. கழுதை கேளு, கட்டி வைக்கிறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாரும் எடுக்கலைன்னா பாம்புப் பண்ணைக்கு அனுப்பிடுவாங்கம்மா. அதுக்குப் பேரு கூட வச்சுட்டேன். பஞ்சு."

"எலியைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியுதுடி. என் பொழப்பைத் தின்ன ஜாதி அது."

"தின்னது பஞ்சு இல்லையேம்மா."

அம்மா அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் மெல்ல ஆரம்பித்தான். "குழந்தை ஆசைப்படுது. ஆனா அக்கா என்ன சொல்லுவாளோ..."

"உங்க அக்காவைக் கேட்டுட்டுத்தான் இந்த வீட்டுல மூச்சு விடணுமா?"

"இல்ல, கீழ துணிக்கடை பாரு..."

வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனாரே படியேறி வந்துவிட்டாள். தம்பி போய் ஒப்பித்திருக்கிறான். சர்க்கரை வியாதியில் கால் வீங்கி, ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் குவியலைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றினாள்.

"தம்பி, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை. கீழ லட்ச லட்சமா துணி கிடக்குது. மேல எலி வளர்க்கக் கூடாது. அத்தை வேணாம்னா வேணாம்தான், என்னடி செல்லம்?"

குழந்தை தாளை மடித்து மடித்துக் கட்டை விரல் அளவுக்குச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பொத்தானக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். மகளுக்காக இளகாத மனசு அந்த ஒரு பேச்சில் மாறிவிட்டது. நாத்தனார் வேண்டாம் என்றாள். போதாதா?

"எதுக்கு அண்ணி பயப்படுறீங்க? எலி துணியைக் கடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாலு பேர் முன்னால சொன்னீங்களே. கத்தரிக்கோல் பிடிச்ச கைதான் வெட்டும்னு. எங்க பஞ்சுவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது."

நாத்தனார் வீங்கிய காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கடையில் எலி கிடையாது, எலி துணியைத் தின்னாது என்று அவளே அடித்த ஆணி. இப்போது அதைப் பிடுங்கவும் முடியவில்லை.

"கொண்டா அந்தத் தாளை," என்றாள் அம்மா. "ஏங்க, பேனா எங்க?"

பள்ளிக்கூடத் தாளில் அவள் போட்ட கையெழுத்து அடுத்த பக்கம் வரை பதிந்தது. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாவம், தன் மேல் இருக்கிற பாசத்தால்தான் அம்மா போட்டாள் என்று நினைத்தது அந்தக் குழந்தை.

பஞ்சு வந்தது. சிவப்புக் கண், மூக்குக்கு ஓய்வே கிடையாது. மகள் தன் தலையணைக்குப் பக்கத்தில் கூண்டை வைத்தாள், வீட்டுப்பாடத்தை அதற்குப் படித்துக் காட்டினாள், திட்டு வாங்கினால் அதனிடம் போய்ப் புகார் சொன்னாள். பொத்தானக்கா அதைத் தொடவே இல்லை. ஆனால் கவனித்தாள். சோறு போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பும், கிரீம் பிஸ்கட் வாசனை வந்தால் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்த சட்டைக் காலரைக் கடித்து நார் நாராக்கி மெத்தை போட்டுப் படுத்திருந்தது. கிழிந்த ஓரத்தை அவள் வெகுநேரம் விரலால் தடவினாள். அன்றுதான் அந்த எண்ணம் வந்தது.

'கடையில எலி இல்லைன்னு சொன்னியே. நிறைஞ்ச கூட்டத்துல ஓடவிடுறேன், பார்.'

ஒரு சனிக்கிழமை வாய்த்தது. கீழே பெரிய கல்யாண வீட்டார், மணப்பெண்ணும் அத்தைகளும் சித்திகளுமாகப் பதினைந்து பேர். மகள் ஓவிய வகுப்புக்குப் போயிருந்தாள். பொத்தானக்கா கூண்டைத் திறந்து எலியைப் பிடித்து ஒரு துணிப்பைக்குள் போட்டாள். முதல் முறையாக அதைக் கையில் எடுக்கிறாள். அதன் நெஞ்சு அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. அவளுடையதும்தான். படியிறங்கி, கடையின் பின்கதவு வழியாக உள்ளே கையை நீட்டிப் பையை உதறினாள். வெள்ளையாக ஏதோ ஓடி மறைந்தது.

காத்திருந்தாள். ஒரு கூச்சலும் இல்லை. யாரும் பார்க்கவில்லை! எலி சத்தமில்லாமல் எங்கேயோ போய்ப் பதுங்கிவிட்டது.

அவள் எண்ணிப் பார்க்காதது ஒன்று உண்டு. வகுப்பு சீக்கிரம் விட்டுவிட்டது. மாடியில் காலிக் கூண்டைப் பார்த்த மகள் அலறிக்கொண்டு படியெல்லாம் தேடி இறங்கி, கடைக்குள்ளேயே ஓடிவிட்டாள்.

"பஞ்சு! பஞ்சு!"

"யாரும்மா பஞ்சு? தம்பிப் பாப்பாவா?" என்றாள் மணப்பெண்ணின் சித்தி ஒருத்தி.

"எலி!"

அப்புறம் கேட்கவா வேண்டும்? பதினைந்து பேரும் நாற்காலி மேல் ஏறினார்கள். மணப்பெண் வெட்டும் மேசை மேலேயே ஏறிவிட்டாள். பின்கதவுக்கு வெளியே நின்ற பொத்தானக்காவுக்கு மூன்று வருஷத்தில் முதல் முறையாக வயிறு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே நாத்தனாரின் குரல்.

"பொத்தான் அலமாரிக்குப் பின்னால போச்சு! இஸ்திரிக்காரரே, அந்தக் கம்பியை எடுத்துக் குத்துங்க!"

"வேணாம் அத்தை! குத்தாதீங்க!" மகள் அலமாரியில் முதுகை ஒட்டிக் கைகளை விரித்து நின்றாள். அந்த அழுகையைக் கேட்டதும் அம்மாவின் கால் தானாக உள்ளே வந்தது. வேலையை விட்டுப் போன நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்தத் தரையை மிதிக்கிறாள்.

"கம்பியைக் கீழ வைங்கண்ணே. அலமாரியை நகர்த்தலாம், ஒரு கை குடுங்க."

"நகர்த்தாதீங்க!" என்று நாத்தனார் கத்தினாள். "யாரும் அதைத் தொடக் கூடாது!"

அந்தக் கத்தலில் இருந்த பயம் எலிக்கானது அல்ல. இஸ்திரிக்காரர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அலமாரியின் மறு முனையைப் பிடித்தார்.

அலமாரி முனகிக்கொண்டு நகர்ந்தது. அதன் முதுகுப் பலகை உடைந்திருந்தது. கடைசி இழுப்பறைக்குள் கிரீம் பிஸ்கட் பொட்டலங்கள், பாதி தின்றவை, கடித்தவை, காலி உறைகள். வெட்டும் மேசைப் பக்கம் ஒரு பருக்கை சோறு கொண்டுவந்தாலும் கூலி பிடிக்கிற முதலாளியம்மா, சர்க்கரை வியாதியை மறைத்து ஒளித்துத் தின்ற இடம் அது. அதற்குக் கீழே, சுவரோரமாக, காய்ந்து போன ஒரு பழைய எலிக்கூடு. அதன் நடுவில் பிஸ்கட் துண்டோடு பஞ்சு உட்கார்ந்திருந்தது, ராஜா மாதிரி.

மகள் எலியை வாரி எடுத்தாள். அம்மா கூட்டை எடுத்தாள். நார் நாராகக் கிழிந்த தந்த நிறச் சாட்டின். புழுதி தட்டினால் மணிகள் மின்னின. ஒவ்வொன்றாக மேசை மேல் வைத்தாள். ஒன்று, இரண்டு... ஆறு இலைகள்.

"இது அந்தப் பொண்ணோட உடுப்பில்ல?" என்றார் இஸ்திரிக்காரர். ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அன்னிக்குக் காலையில நான் வரும்போது நீங்க இந்த மூலையைப் பெருக்கிட்டிருந்தீங்க முதலாளியம்மா. நீங்க விளக்குமாத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்ல. அதனாலதான் ஞாபகம் இருக்கு."

நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். "எலி இருக்குன்னு தெரிஞ்சா யார் வருவா என் கடைக்கு? நான் என்ன செய்யட்டும்? நீ குடும்பத்துப் பொண்ணு, பொறுத்துப்பேன்னு நினைச்சேன்."

"மூணு வருஷம் பொறுத்தேன் அண்ணி. போனை எடுங்க."

"எதுக்கு?"

"அந்த மணப்பெண்ணோட அம்மாவுக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க. அன்னிக்கு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ அதே சத்தத்துல இன்னிக்குச் சொல்லுங்க."

"வீட்டுல பேசிக்கலாம்மா, இத்தனை பேர் முன்னால..."

"என்னை மட்டும் தனி அறையில கூப்பிட்டா திட்டினீங்க?"

நாற்காலி மேல் நின்றவர்கள் யாரும் இறங்கவில்லை. நாத்தனார் போன் செய்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. "கொஞ்சம் சத்தமா," என்றாள் பொத்தானக்கா இரண்டு தடவை. அவள் அழுததைப் பார்த்து இவளுக்கு இரக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. தேன் குடித்தது போல இருந்தது.

கல்யாண வீட்டார் துணி எடுக்காமலே போய்விட்டார்கள். மாடிக்கு வந்ததும் அவள் பாவாடையைப் பிரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். புருஷன் வாசலில் நின்று, "நான் அன்னிக்கே..." என்று தொடங்கினான். "உங்க வண்டி மூணு வருஷம் லேட்டு," என்றாள். அவன் அடங்கிவிட்டான்.

மகள் எலியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, கூண்டுல கொக்கி போட்டுத்தான் போனேன். நீதானே திறந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யால் தன் பெயர் போனவளுக்கு அது நாக்கில் வரவில்லை. "ஆமாடி."

"அத்தை பஞ்சுவைக் குத்தியிருந்தா?"

அவள் குனிந்து கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"அப்போ நீ கையெழுத்துப் போட்டது எனக்காக இல்ல," என்றாள் மகள். அழாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷமாகிறது. பொத்தானக்கா நாத்தனார் கூப்பிட்டும் கடைக்குத் திரும்பவில்லை. மாடியிலேயே மேசை போட்டுக் கல்யாண உடுப்பு தைக்கிறாள், கீழே வரவேண்டியவர்கள் படியேறி மேலே வருகிறார்கள். மகள் அத்தைக்கு ஒரு தண்டனை போட்டாள்: தினமும் நாலு மணிக்குப் பஞ்சுவுக்கு ஒரு பிஸ்கட் கொண்டுவர வேண்டும், தான் தின்னக் கூடாது. வீங்கிய காலோடு நாத்தனார் ஏறி வருகிறாள். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், பொத்தானக்கா நிமிர்ந்து பார்ப்பதில்லை. "நாத்தனாரை மன்னிச்சுட்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "எலி மன்னிச்சுட்டுது. நான் இன்னும் யோசிக்கிறேன்," என்றாளாம்.

ஆனால் அவளுக்கும் ஒரு தண்டனை உண்டு. கூண்டுக்கு இப்போது பூட்டு போட்டிருக்கிறது. சாவி மகளின் கழுத்தில் ஒரு சிவப்பு நாடாவில் தொங்குகிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. நாடா நைந்துவிட்டது, புதுசு தைத்துத் தருகிறேன், சாவியைக் கொடு என்று அம்மா மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"நாடாவை மட்டும் தைச்சுக் குடும்மா," என்கிறாள் மகள். "சாவியை நானே கோத்துக்கிறேன்."