நனைத்த கைக்குட்டை

ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த பெண் என் கையில் ஸ்பிரிட் தடவியதும் அப்பாவின் சட்டை வாசனை வந்தது.

அப்பா இயற்பியலாளர். ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சிப் செய்தார்; அங்கே எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைப்பார்கள். ஒரு தூசி விழுந்தாலும் மாதக்கணக்கான உழைப்பு வீண். பவுடர், விபூதி எதுவும் பூசிக்கொண்டு உள்ளே போகக்கூடாது. அம்மாவிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் தினமும் தலை குனிவார். அம்மா மலை மந்திர் முருகன் கோயில் விபூதியை இட்டுவிடுவாள். படி இறங்கியதும் ஈரக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். பால்கனியிலிருந்து நான் மட்டும் பார்ப்பேன்.

ஒருநாள் அப்பா அடித்த ஆத்திரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"தினமுமா?" என்றாள்.

"தினமும்தான்."

மறுநாள் அப்பா வழக்கம்போல் வாசலில் தலை குனிந்து நின்றார். அம்மா சமையலறையை விட்டு வரவில்லை.

"நாழியாறதே," என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ரத்தம் எடுத்து முடித்து, "ஹோ கயா, ஆன்ட்டி," என்று பஞ்சை என் கையில் அழுத்திவிட்டு அந்தப் பெண் கிளம்பினாள். வாசனை போகவில்லை.

ஓய்வு பெறும்வரை அப்பா வெறும் நெற்றியோடுதான் வேலைக்குப் போனார். என்றைக்காவது அம்மா இட்டுவிடுவாள் என்று, கைக்குட்டையை மட்டும் தினமும் நனைத்து எடுத்துக்கொண்டார்.