மார்க்கண்டர் நகர்த்திய வேலி

நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த லா சப்பலில், எங்கள் மரக்கறிக் கடையில் கீரை ஆய்ந்து கட்டுகிறவர் ஞானசுந்தரம் அண்ணை. இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அதற்காக அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ரயிலில் போகிற தூரத்தில் எபினேயில் இருக்கும் மார்க்கண்டரின் பெயரை எடுத்தால்தான் முகம் கடுக்கும்.

இருவரும் ஊரில் அடுத்தடுத்த காணிக்காரர். மார்க்கண்டர் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரக்கி ஒரு முழம் விழுங்கிவிட்டார் என்பது அண்ணையின் வழக்கு. பிறகு சண்டை வந்து, இரண்டு படைகளும் அங்கேயே மண் அணை கட்டி எதிரெதிரே நின்றன. சமாதான காலத்தில் காணி பார்க்கப் போன அண்ணை மிதிவெடியில் கால் வைத்தார். வெடிகள் புதைந்த காணிக்குள்ளே போய் அவரைத் தூக்கி வந்தவர் மார்க்கண்டர். அதற்கு இவர் நன்றி சொல்லவில்லை. வேலி வழக்கு முடியாமல் எப்படிச் சொல்வது? ஊரை விட்டாலும் வேலிச் சண்டையை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த ஆட்கள் நாங்கள்.

இப்போது வெடிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தைப் பறவைகள் சரணாலயமாக விடப் போகிறார்களாம். சேர விரும்பும் காணிக்காரர் பக்கத்துக் காணிக்காரருடன் எல்லையை ஒத்து எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் அந்தத் துண்டு சேராது.

"அந்த மண்ணிலை இனி ஒருத்தரும் அணை கட்டக்கூடாது. கொக்கும் நாரையும் நிக்கட்டும்," என்றார் அண்ணை.

வியாழன் பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு எபினே போனேன். மார்க்கண்டர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஞானசுந்தரம் அண்ணை எல்லைப் பேப்பரை மேசையில் வைத்துவிட்டு மார்க்கண்டரிடம் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் தூக்காட்டி நான் அண்டைக்கே முடிஞ்சிருப்பன். உயிருக்குப் பயப்பிடாமல் வந்தனீங்கள். இவ்வளவு காலமும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பிழை என்னிலைதான்."

மார்க்கண்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பயம் இல்லாமல் என்ன? ஆனால் வெடிச்ச இடத்திலையிருந்து நீர் எறிபட்டு விழுந்து கிடந்த துண்டிலை வேறை வெடி இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"அதுக்கு முதல் நாள் மத்தியானம், எல்லாரும் கண்ணயர்ந்த நேரம், அதிலைதான் வேலிக்குக் கதியால் தடியள் நட்டனான். உம்மடை காணிக்குள்ளை இன்னொரு முழம்." அவர் தலை நிமிரவில்லை. "நீர் நன்றி சொல்லிப்போடுவீரோ எண்டுதான் உம்மைக் கண்டால் விலகிப் போறனான்."

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"ரெண்டு முழமும் உங்கடைதான் அண்ணை," என்றவர், பேப்பரில் எல்லை எது என்று கேட்டிருந்த இடத்தில் மார்க்கண்டர் கடைசியாக நட்ட கதியால் வரிசையையே எழுதிக் கையெழுத்து வைத்தார்.